இரண்டே படி உள்ள வீடு

சேலத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் முதலில் வாடகை எவ்வளவு என்று கேட்பார்கள். நான் எத்தனை படி என்று கேட்டேன். போனில் அப்படிக் கேட்டதும் அந்தப் பக்கம் இருப்பவர் குழம்பிப்போவார். அப்புறம், "படிங்களா? எண்ணிப் பாத்ததில்லீங்களே" என்பார். தினம் நாலு தரம் ஏறி இறங்குகிற படியை எண்ணாதவர்கள்தான் ஊரில் அதிகம். அவர்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். போன வருஷம் வடக்கே லோடு கொண்டுபோனபோது, மழை வருகிறதென்று லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டினார். இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து, அத்தனை உயரத்திலிருந்து தார் ரோட்டில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. கம்பி வைத்து, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து, கடைசியில் வாக்கர் பிடித்து நிற்கிற அளவுக்கு வந்தார். சமதரை என்றால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போவார். ஒரு படி குறுக்கே வந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

எங்கள் வீடு மோகனூரில். என் வேலை சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு துணி மொத்த வியாபாரக் கடையில் பில் போடுவது. விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி, நாமக்கல்லில் பஸ் மாறி, ஒன்பதுக்குக் கடையில் இருப்பேன். திரும்ப வீடு வந்து சேர எட்டரை ஆகும். அவர் லாரி லைனில் ஓடிக்கொண்டிருந்த வரையில் இது எனக்கு ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை. மகளும் திருச்செங்கோட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். பூட்டிய வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தால் என்ன?

சித்திரை மாதத்தில் ஒருநாள் நான் வந்து கதவைத் திறந்தபோது வீட்டில் லைட் போடவில்லை. சமையலறை நிலைக்குப் பக்கத்தில் அவர் தரையில் கிடந்தார். பதினோரு மணிக்குத் தண்ணீர் மோந்து குடிக்கப் போனவர் வாக்கர் வழுக்கி விழுந்திருக்கிறார். போன் கட்டில் மேலேயே இருந்துவிட்டது. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிக் கத்த வேண்டியதுதானே என்று நான்தான் கத்தினேன்.

"கத்துனா ஊரே வந்து நிக்குமில்ல அம்மிணி. வேட்டி வேற நனஞ்சு கெடந்துது" என்றார்.

எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவரைத் துடைத்து, துணி மாற்றி, கட்டிலில் உட்கார வைக்கிறவரை திட்டிக்கொண்டே இருந்தேன். அப்புறம் புறக்கடையில் போய் நின்று அழுதேன். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், அவரைச் சேலத்துக்கே கூட்டி வந்துவிடுவதென்று. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஓடி வந்து ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகிற தூரத்தில் வீடு வேண்டும். படி இருக்கக் கூடாது. வாடகை பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் நான் கேட்டது.

இதை முதன்முதலில் நான் சொன்னது அக்காவிடம். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. கடையில் என் பக்கத்து நாற்காலி. ஆறு வருஷமாக அவள் கொண்டுவருகிற சாப்பாட்டில் பாதியை நானும் நான் கொண்டுபோகிற சாப்பாட்டில் பாதியை அவளும் தின்றிருக்கிறோம். கெங்கவல்லியில் பிறந்தவள், என்னைவிட எட்டு வயது மூத்தவள். கணவருக்கு வெள்ளிப் பட்டறையில் வேலை, ஒரே மகன். அம்மாபேட்டையில் மூன்றாவது மாடியில் குடியிருந்தாள். போன வருஷம் எழுதியிருந்தால் அவர் இவர் என்றுதான் எழுதியிருப்பேன். இப்போது பேனா அந்த மரியாதைக்கு வர மாட்டேன் என்கிறது.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஒம்பது மணி நேரமாடி? தண்ணி கூடக் குடிக்காமலா?" என்று கேட்டுவிட்டு, பில் மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "இன்னிக்குச் சாயங்காலமே கிளம்பறோம். என் வண்டி இருக்கு. வீடு புடிக்காம விட மாட்டேன்" என்றாள்.

அப்படியே செய்தாள். அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து நான் பார்க்காத சந்து சேலத்தில் இல்லை. செவ்வாய்ப்பேட்டை, குகை, நெத்திமேடு, லைன்மேடு என்று தினம் ஒரு திக்கு. கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லி வைத்தவர் படியில்லாத வாடகை வீடு தேடிப் பார்த்திருக்க மாட்டார்.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து, வாடகை, அட்வான்ஸ், தண்ணீர், கரண்ட், கக்கூஸ், படி என்று எழுதினேன். கக்கூஸ் என்றால் உட்காருகிற மாதிரியா, குந்துகிற மாதிரியா என்பது. நாற்பது வீடு எழுதியதும் ஒன்று விளங்கியது. சேலத்தில் வீட்டுக்காரர்கள் எல்லாரும் கீழே தாங்கள் இருந்துகொண்டு மாடியைத்தான் வாடகைக்கு விடுகிறார்கள். மேலே போகப் போக வாடகை குறையும். கால் நல்லா இருக்கிறவனுக்குச் சேலத்தில் வீடு மலிவு. கீழ்வீடு காலி என்று போர்டு தொங்கினால் அது குடோனுக்கு என்று எழுதியிருக்கும்.

லிஃப்ட் வைத்த அபார்ட்மெண்ட் பார்க்கலாமே என்றாள் அக்கா. பார்த்தோம். அழகாபுரத்தில் ஒன்று, பளிங்கு பதித்தது. லிஃப்ட் இருந்தது. ஆனால் லிஃப்டுக்குப் போக ஏழு படி ஏற வேண்டும். இது என்னங்க கூத்து என்று கேட்டேன். காட்ட வந்த மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "லிஃப்டுல ஏறத் தெரிஞ்சவங்களுக்கு ஏழு படி ஒரு கணக்குங்களா?" என்றார். வாடகை பதினாறாயிரம், அதற்கு மேல் மெயின்டெனன்ஸ். நானும் அக்காவும் ரோட்டுக்கு வந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சில இடங்களில் வாடகை விஷயத்துக்கே வர மாட்டார்கள். "எந்த ஊருங்க? மோகனூருங்களா? மோகனூருல எந்தப் பக்கமுங்க? குலதெய்வக் கோயில் எங்கீங்க?" என்று சுற்றி வளைத்து வருவார்கள். என்ன ஆளுங்க என்று நேராகக் கேட்டுத் தொலைத்தால் நானும் நேராகச் சொல்லிவிட்டுப் போவேன். இன்னும் சிலருக்கு என் வீட்டுக்காரரை நேரில் பார்க்க வேண்டும். நிலைமையைச் சொன்னால், "நடக்க முடியாதவருங்களா, அப்பறம் ஊட்டுல ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா" என்று இழுப்பார்கள். ஒருத்தரிடம், "ஆச்சுன்னா பாத்துக்கலாமுங்க, உங்களுக்கு என்னைக்கும் ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று கேட்டேன். அக்காதான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். "உன் வாய வெச்சுகிட்டு உனக்கு வீடு கெடைச்ச மாதிரிதான்" என்று திட்டினாள். அன்றிலிருந்து வீட்டுக்காரர்களிடம் பேசுகிற பொறுப்பு அவளுடையது. அவள் பேச்சில் வெண்ணெய் தடவியிருக்கும். நான் நோட்டில் எழுதுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆடி பிறந்து நாலாம் நாள் அந்த வீடு கிடைத்தது. குகைப் பக்கம் ஒரு சந்து. கடையிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம், பிசியோதெரபிக்கு ஆட்டோவில் ஐந்து நிமிஷம். வீட்டுக்கார அம்மா தனி ஆள், வயதானவர், மாடியில் இருந்தார். கீழே இருட்டாக இருக்கிறது, தனக்கு மூச்சு முட்டுகிறது என்று மேலே போய்விட்டாராம். வாசலில் இரண்டே படி. நான் குனிந்து இஞ்ச் டேப் வைத்து அளந்தேன், ஒவ்வொன்றும் ஆறு இஞ்ச். உள்ளே முழுக்கச் சமதரை. உட்காருகிற கக்கூஸ். கதவில் வாக்கர் நுழையும். வாடகை ஒன்பதாயிரம்.

"ஆடிங்கறதுனால சும்மா கெடக்குதுங்க. இல்லீன்னா கீழூடு ஒரு நாள் நிக்குமுங்களா?" என்றார் அந்த அம்மா. "உங்களுக்கு அவசரமுன்னா பதினெட்டாம் பெருக்கன்னைக்கே பால் காச்சிட்டு வந்துருங்க. எனக்கும் ஒரு தொணையாச்சு. பாத்ரூம்புல புடிச்சு எந்திரிக்கக் கம்பி வேணுமுன்னாலும் அடிச்சுக்கங்க."

சந்தோஷத்தில் வெளியே வந்து, வண்டியில் ஏறுவதற்கு முன்னால், நோட்டில் அந்த வீட்டுக்கு நேராக 'இதுதான்' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நான்தான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். ஆடியில் யாரும் குடி போக மாட்டார்கள், ஆனால் பதினெட்டு மட்டும் வேறு. காவேரிக் கரைக்காரர்களுக்கு அந்த நோம்பியன்று பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை, ராகுகாலம் எமகண்டம் ஒன்றும் கிடையாது, அன்றைக்கு எது தொடங்கினாலும் ஆற்றுத் தண்ணீர் மாதிரிப் பெருகும் என்று அளந்துவிட்டேன். அவள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரிடி" என்றாள் கடைசியில். "நகை வாங்கு, கயிறு மாத்து, வெதை போடு. யாரு வேணாங்கறா? எலும்பு ஒடஞ்சு எழுந்திரிக்க முடியாத மனுசனக் கொண்டாந்து ஆடியில குடி வெப்பாங்களா? எங்க ஊர்ல ஒருத்தர் அப்படித்தான் போனாரு. ஆடியில போயி ஐப்பசியில பொணமாத்தான் வெளிய வந்தாரு. நீ நம்பறியோ இல்லையோ, நான் சொல்லிட்டேன்."

நான் சிரித்தேன். சாமி கும்பிடுவேனே தவிர நாள் நட்சத்திரத்தை எல்லாம் கேலி பேசுகிறவள்தான். ஆனால் சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அந்த ஐப்பசிப் பிணம் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. நாமக்கல் வருகிறவரை அது இறங்கவில்லை. எனக்கு ஏதாவது ஆகும் என்றால் பரவாயில்லை, போய்த்தான் பார்ப்போம் என்றிருப்பேன். அவர் காலை வைத்து நான் எப்படிச் சோதனை பண்ணுவேன்? மறுநாள் போய், "ஆவணியிலயே போறேனுங்கக்கா" என்றேன்.

"புத்தியுள்ளவ" என்றாள். "அட்வான்சும் ஆடியில குடுக்காத. காசு கை மாறினாலே குடி போன மாதிரிதான். ஆவணி ஒண்ணாந்தேதி நானே கூட வர்றேன். அதுவரைக்கும் அந்தம்மாகிட்ட நான் சொல்லி வெக்கறேன். நீ போயி உன் வாயக் குடுத்துக் கெடுத்துடாத."

நன்றி என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த நாள் மோகனூரிலிருந்து இரண்டு கிலோ நாட்டுச்சர்க்கரை கொண்டுபோய்க் கொடுத்தேன். மகனுக்குப் பெண் பார்த்து முடிவாகியிருந்தது அவளுக்கு. பலகாரம் சுட ஆகும் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். நோட்டையும் கேட்டாள், யாரோ தெரிந்தவர்களுக்கு வீடு வேண்டுமாம். அதையும் கொடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் கூலி கொடுத்து ஆள் கூட்டிவந்து வைத்துக்கொண்டேன்.

மோகனூரில் அவர் வேறொரு வேலையில் இறங்கியிருந்தார். வாசலில் இரண்டு படி, ஆறு ஆறு இஞ்ச் என்று நான் சொல்லியிருந்தேனா, பக்கத்துத் தோட்டத்து ஆளை விட்டு ஆறு இஞ்ச் ஹாலோ பிளாக் கல் மூன்று வாங்கி வந்து, புறக்கடைச் சுவரோரம் போட வைத்தார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றின் மேல் ஒன்று. அதுதான் அவருடைய சேலத்து வீட்டு வாசல். விடிகாலை நான் கிளம்புவதற்கு முன்னும் ராத்திரி நான் வந்த பிறகும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறிப் பழகினார். முதல் கல்லில் கால் ஊன்றவே ஒரு வாரம் ஆனது. வேர்த்துக் கொட்டும். நான் போதுமுங்க என்றால் கேட்க மாட்டார்.

"பால் காச்சற அன்னைக்கு என்னைய எவனாச்சும் தூக்கிட்டு உள்ள போறதா? நானே ஏறி வாரேன் பாரு" என்றார்.

பதினெட்டாம் பெருக்கு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காவேரியில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. கும்பலோடு கும்பலாக நானும் இறங்கிக் குளித்து, மணலில் பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டேன். தாலிக் கயிறு மாற்றிக்கொண்டேன். அவர் கால் நடக்க வேண்டும் என்று வேண்டினேன். அதோடு நிற்காமல், அக்கா மகன் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்றும் வேண்டினேன். அவளுக்கென்று ஒரு மஞ்சள் கயிறு தனியாக எடுத்து, ஆற்றில் நனைத்து, காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் லீவு. ஊரில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள் என்று சொல்லியிருந்தாள். நான் பாத்ரூமுக்கு ஸ்டீல் கம்பி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். ஆவணியில் எல்லாம் ஒரே அவசரமாகிவிடும், எந்த உயரத்தில் அடிப்பது என்று பென்சிலால் குறித்துவிட்டு வந்துவிடலாம் என்று, மத்தியானம் அந்தக் கம்பியோடு குகைக்கு நடந்தேன்.

வாசலில் கோலம். நிலையில் மாவிலை. இரண்டு படியிலும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது. கதவு திறந்திருந்தது. நான் வந்து நின்ற சத்தம் கேட்டு, தலைக்குக் குளித்த ஈரத்தோடு, துண்டைக் கொண்டையில் சுற்றிக்கொண்டு அக்கா வெளியே வந்தாள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அக்கா ஊருக்குப் போகாமல் எனக்காக வந்து வீட்டைக் கழுவிக் கோலம் போட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான். "ஏனுங்கக்கா, உங்களுக்கு எதுக்குங்க இத்தன செரமம்?" என்று சொல்லிக்கொண்டே படியேறி, கைப்பையைத் திறந்து கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்புறம்தான் அவளுக்குப் பின்னால் பார்த்தேன். கூடத்து மூலையில் ஒரு கிரைண்டர், நீலப் பூப்போட்ட உறையோடு. அந்த உறையைத் தைத்துக் கொடுத்தவளே நான்தான். போன தீபாவளிக்கு.

"கெரண்டரு எதுக்குங்கக்கா இங்க வந்துது?"

"நேத்து பால் காய்ச்சினோம்டி" என்றாள்.

நேற்று என்றால் பதினெட்டு.

"அக்கா, ஆடியாச்சுங்களே."

"நீதானே சொன்னே, அன்னிக்கு நாளே பாக்க வேணாம்னு." குரலை உயர்த்தவில்லை, கண்ணைத்தான் தாழ்த்திக்கொண்டாள். "பொண்ணு வீட்டுக்காரங்க ஆவணியில வர்றாங்க. மூணு மாடி ஏறி மூச்சு வாங்கிகிட்டு வந்து உக்காந்தா என்னா நெனப்பாங்க? எனக்கும் முட்டி வலிக்குதுடி. அலைய முடியல. நீ சின்னவ. நோட்டுப் போட்டுத் தேடறவ. உனக்கு இன்னொண்ணு கெடைக்கும்."

முட்டி வலியாம். ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் அதைக் கேள்விப்பட்டேன். அம்மாபேட்டை மூன்றாவது மாடிக்கு என்னை முந்திக்கொண்டு தடதடவென்று ஏறுகிறவள் அவள்.

"அவரு அங்க கல்லுல ஏறிப் பழகிட்டு இருக்கறாருங்கக்கா" என்றேன்.

"தெரியும்டி. கஷ்டமாத்தான் இருக்கு. அழுவாத." அவள்தான் அழுதுகொண்டிருந்தாள். நான் அழவில்லை.

பேச்சுச் சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா மாடிக் கைப்பிடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அட, நீங்களா? உங்க ஊட்டுக்காரரு எப்படி இருக்கறாருங்க? மனசு மாறிப் போச்சு, ஊர உட்டு வர மாட்டேங்கறாருன்னு இவுங்க வந்து அழுதாங்களே. பாவம், உங்களுக்காக அப்படி அழுதாங்க. செரி, தெரிஞ்சவங்களே வாரதுன்னா வரட்டுமுன்னு ஐநூறு கொறச்சும் குடுத்துட்டேனுங்க."

நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. கண்டக்டர் ஒரு ரூபாய் சில்லறை தராவிட்டாலும் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கேட்பேன். அன்றைக்கு, இது பொய்யுங்க, நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க என்று அந்த அம்மாவிடம் சொல்லக்கூட வாய் வரவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? பால் பொங்கிவிட்டது. பொங்கிய வீட்டிலிருந்து சாமானை எடுத்து வெளியே வையுங்கள் என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு அவசரமாகப் பால் காய்ச்சியிருக்கிறாள். கையெழுத்தை விட, அட்வான்ஸை விட அதுதான் கெட்டி.

இரண்டு படி இறங்கியவள் திரும்பி நின்றேன்.

"அந்தக் கயித்தக் குடுங்க" என்றேன்.

"என்னாடி?"

"கயிறுங்க. குடுங்க."

கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சின்னப்புத்தி என்றுதான் யாரும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தத் தெருவில் நான் திருப்பி வாங்க முடிந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் கடைக்கு வந்ததும் நோட்டை என் மேஜையில் வைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள். நான் என்னுடையதை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்து தின்றேன். பில் விஷயமாக மட்டும் பேசினேன். கூட இருந்தே குழி பறித்தாள் என்று கடையில் நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அதிலும் ஒரு சிக்கல். "நீ ஏம்மா அட்வான்ஸ் கொடுக்கல?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். ஆடி என்று கொடுக்கவில்லை என்றேன். அவர்களும் தலையாட்டினார்கள். அவர்களாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. தினம் ராத்திரி அவர், "ஊட்டுக்குப் பெயிண்டு அடிச்சுட்டாங்களா?" என்பார். அடிச்சுட்டு இருக்காங்க என்பேன். "என்ன கலரு?" என்பார். இளம்பச்சை என்றேன் ஒருநாள். அவள் செய்ததில் கால்வாசியை நானும் செய்துகொண்டிருந்தேன் என்பது தெரிந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் கல் மேல் ஏறி இறங்குகிறவரைப் பார்த்து அந்த வீடு போய்விட்டது என்று எப்படிச் சொல்வது?

மறுபடி தனியாகத் தேடினேன். வண்டி இல்லை, நடைதான். ஆவணி பிறந்ததும் ஊரே குடி மாறக் கிளம்பிவிட்டது. ஆடியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஆயிரம் ஏற்றிவிட்டார்கள். கீழ்வீடு என்று ஒன்று கண்ணில் படவில்லை. பட்ட ஒன்றும் பன்னிரண்டாயிரம், அதற்கும் வாசலில் மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆவணி இரண்டாவது வாரம் குகையிலேயே இரண்டு சந்து தள்ளி ஒன்று அமைந்தது. ஒன்பதாயிரத்து ஐநூறு. வீட்டுக்காரர் நல்ல மனுஷர், கேள்வி அதிகம் கேட்கவில்லை. முதல் மாடி. ஒரு பக்கம் கம்பி இருந்தது. இரண்டு தடவை ஏறி எண்ணிவிட்டு நோட்டை எடுத்து எழுதினேன். படி என்கிற கட்டத்தில் பதினேழு. அங்கேயே அட்வான்ஸைக் கொடுத்துவிட்டேன், கிழமை கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்குக் கடைக்கு அரைநாள் லீவு போட்டிருந்ததால் வெளிச்சம் இருக்கும்போதே மோகனூர் வந்துவிட்டேன். வாசல் இரும்புக் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் புறக்கடையிலிருந்து கூப்பிட்டார். "அம்மிணி, ஓடியா, ஓடியா."

போனேன். வாக்கரைத் தள்ளி வைத்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடிக்காமல், முதல் கல்லில் ஏறினார். நின்றார். இரண்டாவதில் ஏறினார். மேலே நின்று, கைகள் இரண்டையும் விரித்துக் காட்டிச் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"பாத்தியா? கைய உட்டுப்போட்டேன். ரெண்டு படி. இனி எப்ப வேணாலும் போலாம்."

ஏறத்தான் பழகியிருந்தார். இறங்குவதற்கு நான் வேண்டும். பக்கத்தில் போய் நின்றேன், என் இரண்டு தோளிலும் கை வைத்தார். அந்த முகத்தை அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு மேலும் பொய் சொல்ல முடியவில்லை.

"இன்னும் கொஞ்சம் கல்லு வாங்கலாமுங்களா?" என்றேன்.

"எதுக்கு?"

"வேற ஊடு பாத்திருக்கறனுங்க. அதுல படி சாஸ்திங்க. பதினேழு."

சிரிப்பு அப்படியே நின்றது. ஆனாலும் என்னைத் தேற்றத்தான் பார்த்தார். "ஏன், அந்த ஊடு என்னாச்சு? வாடகை ஏத்திப்போட்டாங்களா? உங்க அக்காகிட்டச் சொல்ல வேண்டியதுதான? அவங்க ஒரு வார்த்த பேசுனாங்கன்னா படிஞ்சு போயிருமே."

"அந்த ஊட்டுக்கு அக்காதானுங்க குடி போயிருக்கறாங்க" என்றேன். "பதினெட்டன்னைக்கே."

என் தோள் மேல் இருந்த கை கனத்தது. நான் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். லாரிக்காரர், அவர் வாயில் வராத வார்த்தை இல்லை. நானும் அவரும் சேர்ந்து அவளைத் திட்டினால் எனக்குக் கொஞ்சம் ஆறும் என்று அத்தனை நாளும் உள்ளுக்குள் காத்திருந்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை. கல் மேல் நின்றபடி உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"அவங்களுக்குக் காலு நல்லாத்தானே சாமி இருக்குது?"